கால் தரையிலதான் இருந்தது

அது பேட்மிண்டன் பைதானே? ஏறும்போதே பார்த்தேன். உங்க பொண்ணா? அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிட்டீங்கன்னா நல்லது, என் மடியில கேக் இருக்கு. மேல வைக்கலாம்தான். இந்த டிரைவர் எடுக்கிற எடுப்புக்கு மேலூர் வர்றதுக்குள்ள கூழாயிடும். பரவாயில்லை, மடியிலேயே இருக்கட்டும். காலையில போகும்போதும் மடியிலதான் கொண்டு போனேன்.

நீங்களும் திருச்சிதானா? நல்லதாப் போச்சு. திருச்சியில இறங்கறதுக்குள்ள நான் ஒரு முடிவு எடுத்தாகணும். யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கு மூளை ஓடும். சின்ன வயசிலேருந்தே அப்படி. கான்வென்ட்ல சிஸ்டர் பெர்னதெத் சொல்வாங்க, "சுகுணா நாக்காலதான் யோசிப்பா"ன்னு. திட்டினாங்களா பாராட்டினாங்களா தெரியாது. நான் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

விஷயம் இதுதான். இந்தப் போன்ல ஒரு இடத்துல அமுக்கினா என் பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா. அமுக்கலைன்னா வரமாட்டா. அவ்வளவுதான் கதை.

மிருதுளா. வேக நடை மிருதுளா. "வாக் வித் மிரு"ன்னு இன்ஸ்டாவுல பேஜ் இருக்கு, பார்த்ததில்லையா? விளையாட்டுப் பிள்ளையை வச்சுக்கிட்டு இதெல்லாம் பார்க்காம இருக்கீங்களே. பாப்பாவுக்குப் பேஜ் ஆரம்பிச்சுட்டீங்களா? இல்லையா? சரி, அதை அப்புறம் சொல்றேன். நியாயமாப் பார்த்தா இப்பவே ரொம்ப லேட்டு.

ஓட்டப் பந்தயம் இல்லைங்க, நடைப் பந்தயம். சிரிக்காதீங்க. முதல்ல நானும் சிரிச்சவதான். சிரிச்சேன்னு கூடச் சொல்ல முடியாது, அவமானமா இருந்தது. ஸ்கூல் ஓட்டத்துல கடைசியா வந்துக்கிட்டிருந்த பிள்ளையை ஸ்டீபன் சார்னு ஒரு கோச் பார்த்துட்டு, "இந்தப் பொண்ணுக்கு மூச்சு நல்லா இருக்கு, நடக்க விடுங்க"ன்னார். நடக்க விடுறதுக்கு ஒரு கோச்சான்னு கேட்டேன். மைதானத்துக்குப் போய்ப் பார்த்தா, இடுப்பை ஆட்டிக்கிட்டு, கையை வீசிக்கிட்டு, வாத்து மாதிரி வர்றா. எங்க கான்வென்ட்ல தலையில டிக்‌ஷனரியை வச்சு நடக்கச் சொல்லுவாங்க, விழாம. அப்படி நடை பழகினவ பெத்த பொண்ணு இது. பக்கத்து வீட்டு மாமி வேற, "ஏன் சுகுணா, மிருதுளாவுக்கு இடுப்புல எதாவது பிரச்சினையா?"ன்னு கேக்கறாங்க.

ஆனா மாவட்டத்துல முதல்ல வந்தா. அப்புறம் மாநிலத்துல தங்கம். மாமி வாயை மூடிக்கிட்டாங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சது, இந்தப் பிள்ளைக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கணும். அவளுக்கு நடக்கத்தான் தெரியும், பேசத் தெரியாது. அவ அப்பா மாதிரி. அவர் மின்வாரியத்துல இருக்கார், வீட்டுல அவர் இருக்கிறதே ஃபேன் போட்டாத்தான் தெரியும். ஸ்டீபன் சார் பேசுவார், ஆனா அவர் பேசினா இருக்கிற ஸ்பான்சரும் ஓடிடுவான். அதனால நான்.

பேஜ் ஆரம்பிச்சேன். "நான் மிருதுளா. என் கால்கள்தான் என் சிறகுகள்"னு முதல் வரி. நான் எழுதினதுதான். எல்லாமே நான் எழுதறதுதான். "இன்று காலை பயிற்சி முடித்தேன், உடம்பு வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை", இப்படி. ஆமாங்க, அவ பேர்லதான். அவ எழுதினா எப்படி எழுதுவாளோ அப்படி. அவளைவிட நல்லாவே எழுதுவேன். ஒரு தடவை நீயே எழுதுடின்னு கொடுத்தேன். "இன்னைக்குப் பிராக்டிஸ் போனேன். இட்லி சாப்பிட்டேன்"னு போட்டுக் கொடுத்தா. இதை வச்சுக்கிட்டு நான் எந்தக் கம்பெனிக்காரன்கிட்ட போய் நிக்க?

சத்துமாவுக் கம்பெனி ஒண்ணு வந்தது. ஒரு ஷூக்கடை வந்தது. ரெண்டும் நான் பேசிப் பிடிச்சது. சத்துமாவைக் குடிச்சா வாந்தி வருதுன்னா. குடிக்க வேண்டாம்டி, டம்ளரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரின்னு சொன்னேன். அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. பாப்பா, நீ அப்படியெல்லாம் பண்ணமாட்டேல்ல? கெட்டிக்காரி. முகவெட்டு நல்லா இருக்கு உங்க பொண்ணுக்கு. கேமராவுக்கு நல்லா வரும்.

அப்புறம்தான் அந்த வீடியோ.

உங்களுக்குச் சட்டம் தெரியணும், இல்லைன்னா புரியாது. நடைப் போட்டியில எந்நேரமும் ஒரு கால் தரையில இருந்தாகணும். ரெண்டு காலும் ஒண்ணா மேல வந்தா அது ஓட்டம். சுத்தி அங்கங்க ஜட்ஜ் நிப்பாங்க, வெறும் கண்ணால பார்ப்பாங்க. கேமராவெல்லாம் செல்லாது. சந்தேகம்னா மஞ்சள் அட்டை காட்டுவாங்க, அதுல அலை மாதிரி ஒரு கோடு போட்டிருக்கும், பார்த்து நடம்மான்னு அர்த்தம். அதுக்கு மேல போனா சிவப்பு. மூணு ஜட்ஜ் சிவப்பு கொடுத்துட்டா வெளியே.

மாநிலத் தங்கத்துக்கு அப்புறம், நேஷனல்ஸுக்கு முன்னாடி, பேஜைப் பெருசாக்கணும்னு ஒரு கல்யாண வீடியோக்காரரை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். விலை உயர்ந்த கேமரா. தரையில படுத்துக்கிட்டு எடுத்தார் மனுஷன். இவளை மறுபடி மறுபடி நடக்க விட்டோம், வெயில் சரியா விழணும்ல. ஸ்டீபன் சார் வந்து, "அம்மா, பிள்ளைக்கு இது பயிற்சி நேரம். மணவறை சுத்தற நேரம் இல்ல"ன்னார். அவருக்கு எப்பவும் குத்தல்தான். நான் கண்டுக்கல.

ஸ்லோமோஷன்ல போட்டு, கீழ வீணை இசை சேர்த்து... என்ன அழகுங்க! முடி ஒண்ணொண்ணா பறக்குது, வியர்வை முத்து முத்தா தெறிக்குது. லட்சக்கணக்குல பார்த்தாங்க. நான் காபி போட அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஏறியிருக்கும். அன்னிக்கெல்லாம் எனக்குக் கால் தரையில பாவல.

எவனோ ஒருத்தன். மூஞ்சியில்லாத ஒருத்தன், ஒழுங்கா ஒரு வாக்கியம் எழுதத் தெரியாதவன். வீடியோவை ஒரு இடத்துல நிறுத்தி, படமெடுத்து, வட்டம் போட்டு வச்சான். "ரெண்டு காலும் அந்தரத்துல இருக்கே, தங்கம் எப்படி?"ன்னு. அவ்வளவுதான். அதுக்குக் கீழ ஆயிரம் பேர். பறக்கும் பாவைன்னு ஒருத்தன். ஏர்போர்ட்டுக்கு அனுப்புங்கன்னு ஒருத்தன்.

ஸ்டீபன் சார் வீட்டுக்கே வந்துட்டார். உட்காரக்கூட இல்லை. "உலகத்துல வேகமா நடக்கிற எல்லாருமே கண்ணுக்குத் தெரியாம ஒரு நூல் அளவு பறக்கத்தான் செய்வாங்க. அதனாலதான் கண்ணால மட்டும் பார்க்கணும்னு சட்டம் வச்சிருக்கான். நீங்க அதைப் பெருசாக்கி, பாட்டுப் போட்டு, ஊருக்குக் காட்டிட்டீங்க. இனிமே எந்த ஜட்ஜ் இவ காலைச் சும்மா பார்ப்பான்? வீடியோவை எடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருங்கம்மா, ஒரு மாசத்துல மறந்துடுவாங்க"ன்னார்.

வாயை மூடிக்கிட்டு! என்னைப் பார்த்து!

எடுத்தா தப்பு பண்ணினோம்னு ஆகாதா? நீங்களே சொல்லுங்க. நான் எடுக்கல. பதில் போட்டேன். ஒருத்தன் விடாம எல்லாருக்கும், அவ பேர்ல. "என் வெற்றி உங்களுக்கு எரிகிறதென்றால் தண்ணீர் குடியுங்கள்." நல்லா இருக்கில்ல? அப்புறம் ஒரு யூடியூப்காரங்க கூப்பிட்டாங்க. போனேன். பட்டுப் புடவைதான், சும்மா சாதாரணப் பட்டு. என் பொண்ணு கால் தரையிலதான் இருந்தது, இல்லைன்னு சொல்ற ஜட்ஜ் யாராவது இருந்தா என் முன்னாடி வந்து சொல்லட்டும்னேன். எந்த ஜட்ஜும் அதுவரைக்கும் எதுவும் சொல்லல, அது வேற விஷயம். முன்கூட்டியே சொல்லி வைக்கணும்ல.

 ஸ்கூல்ல பசங்க இவளைப் பார்த்தா குதிச்சுக் குதிச்சு நடக்கிறாங்களாம், சொல்லல, அப்புறம்தான் தெரிஞ்சது. கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்ப்பா. நான்கூடச் சந்தோஷப்பட்டேன், பரவாயில்லை, இப்பவாவது தன் பேஜைப் பார்க்கிறாளேன்னு. விரலால இழுத்து இழுத்து, காலை மட்டும் பெருசாக்கிப் பார்ப்பா.

நேஷனல்ஸ் வந்தது. ராஞ்சியில. நானும் போனேன், லைவ் போட ஆள் வேணும்ல. ஆரம்பத்துல நல்லாத்தான் போனா. நாலாவதா, அஞ்சாவதா. ஒரு மஞ்சள் காட்டினாங்க. எல்லாருக்கும்தான் காட்டுவாங்க, முன்னாடி போன பொண்ணுக்கும் காட்டினாங்க. ஆனா இவ அதுக்கப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தன் காலையே பார்த்துக்கிட்டு நடக்கிறா. தலையை நிமிர்த்துடீன்னு நான் கத்தறேன். டிக்‌ஷனரி விழுந்திருக்கும், அப்படிக் குனிஞ்சுட்டா. வேகம் குறைஞ்சுக்கிட்டே வருது. ஒவ்வொருத்தியா தாண்டிப் போறாங்க. சும்மா கடைத்தெருவுல நடக்கிற மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஓரமா வந்து நின்னுட்டா.

மூணு சிவப்பெல்லாம் வரல. ஒண்ணே ஒண்ணு வந்திருந்ததுன்னு ஸ்டீபன் சார் சொன்னார். வெளியே யாரும் அனுப்பல. இவளே வந்துட்டா.

நான் போனைப் பிடிச்சுக்கிட்டே ஓடினேன். "என்னடி ஆச்சு?"ன்னேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு நடக்கத் தெரியலம்மா"ன்னா. "எந்தக் கால் எப்ப கீழ இருக்குன்னு தெரியலம்மா. மறந்துபோச்சு." அழக்கூட இல்லை. வழி கேக்கிற மாதிரி கேட்டா. லைவ் ஓடிக்கிட்டிருந்தது. நிறுத்த மறந்துட்டேன். மறந்துட்டேன்னுதான் சொல்றேன், அவ நம்பமாட்டேங்கறா.

அப்ப என்ன செய்யணும் ஒரு தாய்? பிள்ளை பேர் கெடாம பார்க்கணும். ரயில்ல வரும்போதே பேஜ்ல எழுதிட்டேன். "என்னை வெளியேற்றிவிட்டார்கள். உண்மைக்குச் சிவப்பு அட்டை காட்டிவிட்டார்கள். ஆனால் நான் ஓயமாட்டேன்." எவ்வளவு ஆதரவு தெரியுமா? அழுத பொம்மை, கைகூப்பின பொம்மை, பக்கம் பக்கமா. எதிர் பர்த்துல படுத்துக்கிட்டு அவ அதைப் படிச்சா. படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நானாதானேம்மா வெளிய வந்தேன்? அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?"

என்ன பேச்சு இது? நீங்களே சொல்லுங்க. தோத்ததை யாராவது எனக்கு வேணும்னு கேப்பாங்களா?

ஊருக்கு வந்து பையைக்கூடப் பிரிக்கல. அவ அப்பாவோட தங்கச்சி, என் நாத்தனார் வசுமதி, மதுரையில இருக்கா, செல்லூர்ல. அங்க போயிட்டா. இவர்தான் கொண்டு போய் விட்டுட்டு வந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. வாழ்க்கையில அந்த மனுஷன் தானா செஞ்ச ஒரே காரியம் அதுதான். வசுமதிக்கு வேற என்ன வேணும்? எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்தே நான் இங்கிலீஷ் பேசறது அவளுக்குப் பிடிக்காது.

இன்னிக்கு மிருதுளாவுக்குப் பிறந்தநாள். பதினெட்டு. சண்டையெல்லாம் ஓரமா வச்சுட்டு, கேக் சொல்லி, முதல் பஸ்ஸைப் பிடிச்சேன். ஆட்டோவுல போறேன், செல்லூர் தெருவுக்குள்ள. எதிர்ல ஒரு பொண்ணு சுடிதார்ல, கையில வெங்காயப் பையோட நடந்து வருது. மெதுவா. எல்லாரும் நடக்கிற மாதிரி. ஆட்டோ தாண்டிப் போயிடுச்சு. வசுமதி வீட்டு வாசல்ல இறங்கித் திரும்பிப் பார்த்தா, அவதான். பெத்தவளுக்கு அடையாளம் தெரியல. அவ நடையை வச்சுத்தானே நான் அவளைப் பார்த்துப் பழக்கம்.

"வாம்மா"ன்னா. தண்ணி கொண்டு வந்து கொடுத்தா. வசுமதி அடுப்படியிலேருந்து, "வாங்கண்ணி, உங்க பொண்ணு வெங்காய தோசை கேட்டா, அதான்"ங்கறா. வெங்காய தோசை! நான் இவளுக்கு வருஷக்கணக்கா எண்ணெய் காட்டினதில்லை. சரி, வாயைக் கட்டிக்கிட்டேன். இன்னிக்கு நல்ல நாள்.

கேக்கைத் திறந்தேன். பாருங்க, இப்படித்தான். மேல அவ போட்டோவை அப்படியே அச்சடிச்சுத் தருவாங்க, சாப்பிடலாம். பேக்கரிக்காரப் பையன்கிட்ட பேஜைக் காட்டி, இதுலேருந்து நல்ல படமா ஒண்ணு எடுத்துப் போடுப்பான்னு சொல்லியிருந்தேன். எது நல்லா இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? எதுக்கு லைக் அதிகமோ அதைத்தான் எடுப்பான்.

அவ குனிஞ்சு பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நான் போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன், ஆச்சரியப்படுவாளே, அதை எடுக்கணும்னு.

"இதுலயும் கால் தரையில இல்லம்மா"ன்னா.

எனக்கு அப்பதான் தெரிஞ்சது. இந்தா, இங்க பாருங்க. ரெண்டு காலுக்கும் கீழ க்ரீம் தெரியுதா? அவ்வளவு இடைவெளி இல்லை, பேக்கரிக்காரன் படத்தைச் சரியா வெட்டி ஒட்டல. நான் சொன்னேன், கண்ணு, இது க்ரீம்டி, தரை இல்லை.

அவ கத்தல. கத்தியிருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். மூடியை எடுத்து மெதுவா மூடினா. "அம்மா, அந்தப் பேஜை அழிச்சிடு. மொத்தமா. அழிச்சிட்டுச் சொல்லு, நான் வீட்டுக்கு வந்துடறேன். காலேஜ் அங்கயே சேந்துக்கறேன். நீ எது சமைச்சாலும் சாப்பிடறேன். அழிக்கலைன்னா இனிமே வராதம்மா. வந்தாலும் நான் இருக்கமாட்டேன்"ன்னா. வசுமதி அடுப்படி வாசல்ல நின்னா. அவ பேசாம நின்னதைத்தான் என்னால தாங்க முடியல. தோசை கருகுது, அதைக்கூடத் திருப்பல.

மாட்டுத்தாவணி வந்ததும் இவருக்குப் போன் பண்ணினேன். "அழிச்சிடு சுகுணா"ன்னார். அவ்வளவுதான். கட்.

எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டாங்க! இங்க பாருங்க. இதுதான் அந்த இடம். அமுக்கினா, நிச்சயமா அழிக்கணுமான்னு கேக்குது. கொட்டாம்பட்டியில ஒரு தடவை இது வரைக்கும் வந்தேன், நீங்க பாப்பாவுக்குத் தண்ணி கொடுத்துக்கிட்டிருந்தீங்க. ஒரு பொம்பளைப் பிள்ளை, ஊத்தங்கரையாம், எழுதியிருக்கு. "அக்கா, உங்களைப் பார்த்துத்தான் நானும் நடக்கிறேன், ஹேப்பி பர்த்டே"ன்னு. அதுக்கு என்ன பதில்? அந்தப் பிள்ளையை நட்டாத்துல விட்டுடவா?

வீட்டுக்கு வருவாளாம். எது வரும்? வெங்காயப் பை தூக்கிக்கிட்டு நடந்ததே, அது வரும். வந்து தோசை சாப்பிடும், காலேஜ் போகும். வேண்டாம்னு சொல்லல, என் பொண்ணுதான். ஆனா இதுல இருக்காளே, இவ? முடி பறக்க, நிமிர்ந்து, சிரிச்சுக்கிட்டு... சத்துமாவு டம்ளர்கூட எவ்வளவு அழகாப் பிடிச்சிருக்கா பாருங்க. இதை அழிச்சுட்டா இவ எங்க போவா?

நீங்க அமுக்கறீங்களா? சும்மா கேட்டேன். வேண்டாம், வேண்டாம், கையை எடுங்க.

விராலிமலை தாண்டிட்டோம் போல. என்ன, முன்னாடி சீட் காலியாயிடுச்சா? போங்க, போய் உட்காருங்க, பாப்பாவுக்குக் காத்து வரும். இருங்க, கேக் ஒரு துண்டு எடுத்துக்கட்டும். காலுப் பக்கமா எடுத்துக்கோ கண்ணு, முகம் இருக்கட்டும். வேண்டாமா? இப்பவே டயட்டா? அதான் வேணும். பேஜ் ஆரம்பிச்சதும் சொல்லுங்க, முதல் ஆளா நான் சேர்றேன்.

ஒரே ஒரு நிமிஷம், போறதுக்கு முன்னாடி இதை மட்டும் பார்த்துட்டுப் போங்க. காலையில என் சொந்தக் கணக்குலேருந்து அவ பேஜ்ல வாழ்த்துப் போட்டேன். "என் உயிரே, என் சாம்பியனே"ன்னு. எல்லாருக்கும் பதில் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லை. பெத்த அம்மா வாழ்த்துக்குப் பொண்ணு பதில் போடலைன்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? இருங்க, அவ கணக்குக்குப் போயிட்டு வந்துடறேன்.

"நன்றி அம்மா. நீ இல்லாமல் நான் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க முடியாது."

சரியா இருக்கா? பிழை ஒண்ணும் இல்லையே?

போட்டாச்சு. இப்ப என் கணக்குக்கு வந்து ஒரு ஹார்ட் போடணும்.